பாட்டா என் டிரிம்மருக்குத் தலை குடுக்கல

2020 ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, எங்க வீட்டுப் பின்வாசல் கிணத்துக்கரையில நின்னு என் தலையில நானே ரோடு போட்டேன். வலது காதுக்கு மேல ஆரம்பிச்சு உச்சி வரைக்கும், ரெண்டு விரல் அகலம், தோல் பளபளன்னு தெரியுற மாதிரி. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நாலுவழிச்சாலை வேலை வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டுக் கெடக்கு, என் ரோடு மூணே செகண்டுல முடிஞ்சு போச்சு. நடந்தது இதுதான், டிரிம்மர்ல மாட்டுற அந்த பிளாஸ்டிக் சீப்பைக் கழட்டி உள்ள அடைஞ்ச முடிய ஊதித் தள்ளிட்டு, திரும்ப மாட்டாமலே தலையில வச்சுட்டேன்.

சட்டி கழுவிக்கிட்டு இருந்த அம்மா "அய்யோ மக்களே, என்ன வேலடே காணிச்சு வச்சிருக்க"ன்னு போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுல மதில் மேல நாலு தலை எட்டிப் பாத்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய. முன்வாசல்ல கெடக்குற சாய்வு நாற்காலியில பாட்டா, அதான் எங்க தாத்தா, அவர் மட்டும் சிரிக்கல. என் தலைய இழுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தாரு. "எவன்லே வெட்டுனது?" "நான்தான் பாட்டா." கொஞ்ச நேரம் அந்த ரோட்டைத் தடவிக்கிட்டே இருந்துட்டு, "எங்களுக்கெல்லாம் அந்தக் காலத்துல இப்படித்தாம்லே இருக்கும்"னு சொல்லிட்டு ரேடியோவைத் திருப்பப் போயிட்டாரு. எனக்கு அன்னைக்கு அது புரியல, மிச்ச முடிய எப்படி எடுக்கன்னுதான் கவலை. மத்தியானத்துக்குள்ள மொத்தத்தையும் வழிச்சு மொட்டையா ஆயிட்டேன்.

ஊர் திங்கள்சந்தைப் பக்கம். பெங்களூர்ல வேலை, மார்ச் மாசம் அவசரமா வீட்டுக்கு வந்தவன் அப்படியே மாட்டிக்கிட்டேன். 24-ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு டிவில பிரதமர் வந்து 21 நாளுன்னு சொன்னாரு, அது முடிஞ்சதும் இன்னொரு தவணை, பிறகு இன்னொண்ணு. முடி அதுக்கெல்லாம் நிக்குமா, மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல அது பாட்டுக்கு வளரும். ஊர் முக்குல இருக்குற சலூன் ஷட்டர்ல ஒட்டடை புடிச்சு கெடந்துச்சு. அந்தக் கடை அண்ணன் ரெண்டு பொம்பளப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு அந்த நாளெல்லாம் எப்படிச் சமாளிச்சாருன்னு நான் கேக்கல, கேக்க எனக்கு முகம் இல்ல, ஏன்னா அவர் கடை மூடிக்கெடந்த நேரத்துலதான் நான் இந்த வேலையக் கத்துக்கிட்டேன்.

கத்துக் குடுத்தது எங்க அத்தை மகன், எனக்கு அத்தான். சார்ஜால பத்து வருஷம் ஏசி மெக்கானிக்கா இருந்தவரு. எட்டு பேரு ஒரு ரூம், வெள்ளிக்கிழமை லீவு, ரூம்ல எவனுக்காவது கை கொஞ்சம் நிதானமா இருந்தா அவன்தான் அந்த ரூமுக்கு முடிவெட்டு. கடையில போனா பத்து பதினஞ்சு திர்ஹம், அந்தக் காசு வீட்டுக்கு அனுப்புறதுல சேரும். அத்தானுக்கு ஏசியோட பின்னு கழட்டுற கை, நல்ல நிதானம், அதனால எட்டு தலையும் அவர் பொறுப்பு. இந்த மாவட்டத்துல கல்ப் போயிட்டு வந்த ஆளுகள்ல எத்தனை பேருக்கு இந்த வேலை தெரியும்னு கேட்டுப் பாருங்க, அசந்து போவீங்க, யாரும் வெளிய சொல்லிக்கிடறது கிடையாது.

என் மொட்டையப் பாத்து அத்தான் முதல்ல சொன்னது, "இது தாடி மெஷின்டே, இத வச்சா தலைய வெட்டுன?" அப்பத்தான் வித்தியாசமே எனக்குத் தெரியும். டிரிம்மர்ங்கிறது தாடிக்கும் ஓரத்துக்கும் உள்ளது, பிளேடு ஒடுக்கம், மோட்டார் சின்னது, தலைமுடி மாதிரி அடர்த்தியான இடத்துல போனா திணறி முடியப் புடிச்சு இழுக்கும், கண்ணுல தண்ணி வந்துரும். தலைக்கு உள்ளது கிளிப்பர், அகலமான பிளேடு. அவர்கிட்ட இருந்தது வால் கம்பெனி மெஷின், கனமா ஒரு செங்கல் மாதிரி இருக்கும். லியோ வால்னு அமெரிக்கால ஒருத்தர் 1919-ல உண்டாக்கி 1921-ல பேட்டன்ட் வாங்கின சாமானம் அது, நூறு வருஷம் ஆகியும் உள்ள இருக்குற சூட்சுமம் பெருசா மாறல, ஒரு பல்வரிசை சும்மா நிக்கும், இன்னொண்ணு அதுமேல இடவலமா ஓடும், நடுவுல மாட்டுற முடி கத்தரிச்சு விழும். நம்ம சின்ன வயசுல சலூன்ல கையால நெருக்கி நெருக்கி கடகடன்னு பிடரியில ஏத்துவாங்களே, அந்த மெஷினும் இதே கதைதான், கரண்டுக்குப் பதிலா கை. அந்த மெஷின் ஏறும்போது பிடரி கூசுனது இன்னும் ஞாபகம் இருக்கு.

மாட்டுற சீப்புக்கு நம்பர் உண்டு. ஒண்ணுன்னா 3 மில்லிமீட்டர், ரெண்டுன்னா 6, நாலுன்னா கிட்டத்தட்ட 12. அத்தான் பாடம் ஒரே வரி, "பெரிய நம்பர்ல தொடங்கு, வேணும்னா இறங்கு, இறங்கிட்டா ஏற முடியாது." கீழ இருந்து மேல, முடி சாஞ்சிருக்குற பக்கத்துக்கு எதிரா ஓட்டணும், காதுக்கு மேல வந்ததும் மெஷினை வெளிப்பக்கமா சாய்ச்சு எடுத்துரணும், சட்டுனு நிறுத்தினா அங்க ஒரு வரப்பு விழுந்துரும். பிளேடுக்கு எண்ணெய் விடணும், அதுல நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன், நம்ம ஊர்ல எண்ணெய்ன்னா தேங்காண்ணதானே, ரெண்டு சொட்டு விட்டேன், ஒரு மாசத்துல பிசினாப் பிடிச்சு, பல்லு நகராம மெஷின் முனகிக்கிட்டே நின்னுருச்சு. தையல் மெஷினுக்கு விடுற எண்ணெய்தான் சரி.

மேல மட்டும் கத்திரி. அதுக்குத் தனிக் கத்திரி வாங்கணும், அம்மா தையல் பெட்டில இருக்குறத எடுத்தா முடிய நறுக்காது, நசுக்கும், அதோட அம்மாவும் சும்மா விடமாட்டா. கட்டைவிரலும் மோதிரவிரலும் வளையத்துல, கட்டைவிரல் மட்டும்தான் அசையணும். சொல்ல ஈசி. ஈரமா இருக்கும்போது முடி நீண்டு நிக்கும், அந்த அளவ நம்பி வெட்டினா காஞ்சபிறகு மேல ஏறிக்கும், என்னை மாதிரி சுருட்டைக்கு இன்னும் மோசம். முதல் மூணு தடவை என் நெத்தி எனக்கே பெருசாத் தெரிஞ்சது.

ஆனா நிஜமான வில்லன் பிடரி. மத்த இடமெல்லாம் கண்ணாடியில தெரியும், தப்பு செஞ்சாலும் தெரிஞ்சு செய்யலாம். பின்னால பாக்க ரெண்டு கண்ணாடி வேணும், பாத்ரூம் கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்னு கையில சின்னக் கண்ணாடி, அதுக்குள்ள தெரியுற தலைய வெட்டணும். ஒத்தக் கண்ணாடிக்குப் பழகின கைக்கு ரெண்டு கண்ணாடி புரியாது, இடது பக்கம் நகர்த்தணும்னு நினைச்சா கை வலது பக்கம் போகும், கிட்ட வரணும்னா தூரப் போகும். அதுக்கு மேல எனக்கு ரெட்டைச்சுழி. பொதுவா ஆளுகளுக்கு உச்சியில ஒரு சுழி, கடிகாரம் சுத்துற பக்கமா சுத்தியிருக்கும், எனக்கு ரெண்டு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர்க்கட்சி. ரெட்டைச்சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம்னு எங்க பாட்டி சொல்லிக்கிட்டே இருப்பா, ஒண்ணுக்கே நாக்கு தள்ளிப்போச்சு, அது வேற கதை. சுழி மேல கொஞ்சம் நீளம் விட்டாத்தான் முடி படுத்துக் கெடக்கும், ஒட்ட வெட்டினா குச்சி குச்சியா எழும்பி நிக்கும். இதையெல்லாம் கடை அண்ணன் இருபது வருஷமா என் தலையில செஞ்சுக்கிட்டு இருந்திருக்காரு, ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. நானா வெட்டப் போனபிறகுதான் என் தலையில என்ன இருக்குன்னே எனக்குத் தெரிஞ்சது.

மே மாசம் ஆனப்போ எனக்குக் கொஞ்சம் கை வந்துருச்சு. அப்பாவுக்கு வெட்டினேன், சித்தப்பா மகனுக்கு வெட்டினேன், மதில்ல எட்டிப் பாத்த பக்கத்து வீட்டுப் பையனும் தயங்கித் தயங்கி வந்து உக்காந்தான். வெட்டின முடியெல்லாம் தென்னை மூட்டுக்கு, முடியில நைட்ரஜன் நல்லா இருக்குன்னு சித்தப்பா சொல்லி, அது உண்மைதான், ஆனா மக்கி உரமாக மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் காத்தடிச்சா சாயாக்குள்ள வந்து விழும்.

பாட்டா மட்டும் வரல. அவருக்கு அப்ப 86 வயசு. உச்சியில ஒண்ணும் பெருசா கிடையாது, ஆனா ரெண்டு காதுக்கு மேலயும் பிடரியிலயும் வெள்ளை வெளேர்னு இறங்கி, சட்டைக் காலர்ல சுருண்டு, பாக்க யாரோ சாமியார் மாதிரி ஆயிட்டாரு. "வாங்க பாட்டா, பத்து நிமிஷம்"னு நான் கூப்புடுகேன், "வேண்டாம் மக்கா." மறுநாளும் "வேண்டாம் மக்கா." என் கை மேல நம்பிக்கை இல்லன்னு நினைச்சேன், அந்த ரோட்டைப் பாத்த மனுஷன்தானே. ஒருநாள் கொஞ்சம் அழுத்திக் கேட்டப்போ கோபம் வந்துருச்சு. "வீட்டுல வெட்டுகதெல்லாம் நான் நெறைய வெட்டியாச்சு. எனக்குக் கடை தொறக்கட்டும்."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சொன்னாரு, ஒரே நாள்ல இல்ல, சாயங்காலம் சாயா குடிக்கும்போது ஒரு துண்டு, கரண்ட் போனா ஒரு துண்டு.

அவர் பிறந்தது 1934. அப்ப இது திருவிதாங்கூர் ராஜ்யம். எங்க ஆளுகளுக்கு ஊர்ல முடிவெட்ட ஆள் கிடையாது. ஆள் இருந்தாரு, ஆனா பெரிய வீடுகளுக்கு மட்டும். பொட்டியத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போவாரு, பின்வாசல்லயோ மாட்டுத்தொழுவத்துப் பக்கத்துலயோ வச்சு வெட்டுவாரு, கூலி காசா கிடையாது, கன்னிப்பூ அறுப்புக்கும் கும்பப்பூ அறுப்புக்கும் இத்தனை படி நெல்லுன்னு. "அவனைக் குத்தம் சொல்லக் கூடாது, எங்க தலைய ஒருக்கத் தொட்டான்னு தெரிஞ்சா அவனுக்கு அந்த நெல்லு போயிரும், கேட்டியா"ன்னாரு பாட்டா. அதனால இவங்களுக்கு வீட்டுல அண்ணன்தான் வெட்டுறது. துணி வெட்டுற கத்திரி, தலையில ஒரு மண்சட்டியக் கவுத்து அதைச் சுத்தி. சட்டி நழுவினா போச்சு, தென்னையில ஏறதுக்குப் படி வெட்டின மாதிரி தலை முழுக்கப் படி படியா இருக்கும். பள்ளிக்கூடத்துல அந்தத் தலையப் பாத்தே இன்ன வீட்டுப் பயன்னு தெரிஞ்சுரும். சட்டை நல்லதாப் போட்டிருந்தாலும், பாடம் நல்லாச் சொன்னாலும், தலை காட்டிக் குடுத்துரும்.

"கோயில் நடையைத் தொறந்து விட்டாரு மகாராஜா, நான் அப்போ ரெண்டு வயசு"ன்னாரு. 1936 நவம்பர் 12, கோயில் நுழைவுப் பிரகடனம், சித்திரைத் திருநாள் மகாராஜா போட்டது, நாம எல்லாம் ஸ்கூல்ல படிச்சது. "சுசீந்திரம் கோயிலுக்குள்ள என்னை இடுப்புல வச்சு எங்க அம்மை கொண்டு போயிருக்கா. ஆனா முடிவெட்டுக் கடை நாற்காலியில உக்கார எனக்கு 22 வயசு ஆச்சு. சாமி சீக்கிரம் சம்மதிச்சுட்டாரு பாத்துக்க."

1955-ல தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தாச்சு, தீண்டாமையச் சொல்லி வேலை செய்ய மாட்டேன்னாலும் அது குத்தம்னு அதுல எழுதியே இருக்கு. பாட்டாவுக்கு அந்தச் சட்டம் பத்தி அப்போ ஒண்ணும் தெரியாது. அடுத்த வருஷம் நவம்பர் ஒண்ணாம் தேதி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு, அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சு ஏதோ சோலியா நாகர்கோவிலுக்குப் போனவரு, வடசேரிப் பக்கம் ஒரு சலூனுக்கு முன்னால ரெண்டு தடவை அங்கயும் இங்கயும் நடந்துட்டு மூணாவது தடவை உள்ள ஏறிட்டாரு. அங்க அவரை யாருக்கும் தெரியாது, அதுதான் தைரியம். சுழலுற நாற்காலி, முன்னாலயும் பின்னாலயும் கண்ணாடி, கண்ணாடிக்குள்ள கண்ணாடியா பத்து இருபது பாட்டா. வெள்ளைத் துணியக் கழுத்துல கட்டிட்டு அந்த ஆளு கேட்டாராம், "எப்படி வெட்டணும்?"

"எனக்கு என்ன சொல்லன்னு தெரியலலே. அதுவரை எவனும் என்கிட்ட அப்படிக் கேட்டது கிடையாது." எதிர்ல சுவத்துல ஒட்டியிருந்த ஏதோ சினிமா நடிகர் படத்தைக் கைகாட்டியிருக்காரு. யாரு படம்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டாரு, வெக்கம்.

சரி, மே மாசத்துக்கு வாறேன். கிராமப் பகுதியில சலூன் தொறக்கலாம்னு அரசாங்கம் சொன்னது மே 19-ல இருந்து, டவுனுக்கெல்லாம் இன்னும் சில நாள் கழிச்சு. எங்க ஊரு பஞ்சாயத்துங்கிறதால முதல் நாளே தொறந்தாச்சு. காலைல ஆறரைக்கு பாட்டா குளிச்சு, வெள்ளை வேட்டி சட்டை மாட்டி, அம்மா தச்சுக் குடுத்த துணி மாஸ்க்கையும் போட்டுக்கிட்டு குடையோட கிளம்பிட்டாரு. நான் கூடப் போனேன். போற வழியில எனக்கு உறைச்சுது, அன்னைக்கு செவ்வாக்கிழமை. செவ்வாக்கிழமை எந்த ஊர்ல சலூன் தொறந்திருக்கு? போய்ப் பாத்தா ஷட்டர் மேல ஏறி இருக்கு, அண்ணன் வாசல்ல சாணி தெளிச்சுக்கிட்டு நிக்காரு. "55 நாள் லீவு விட்டாச்சு தாத்தா, இனி என்ன செவ்வாயும் வெள்ளியும்"னு சொல்லி நாற்காலிய துண்டால தட்டினாரு. ஜூன்ல ஆதார் நம்பரெல்லாம் எழுதி வாங்கணும்னு வந்துச்சு, பாட்டா சட்டைப்பையில ஆதார் கார்டை வச்சுக்கிட்டே போவாரு, வேற எதுக்கும் அவர் அதை எடுத்து நான் பாத்ததில்ல.

அந்த அண்ணனோட அப்பாதான் அந்தப் பொட்டி தூக்கினவரோட மகன். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அவங்க வீட்டுல அந்த வழக்கத்தை நிறுத்தி, நெல்லு வேண்டாம் காசு போதும்னு முக்குல ஓலைக் கடை போட்டு ரெண்டு நாற்காலி வாங்கிப் போட்டது அவங்க அப்பா. வெட்டணும்னா இங்க வரணும், யாரா இருந்தாலும் பெஞ்சுல வரிசையில உக்காரணும். பெரிய வீட்டுல இருந்து ஆள் விட்டுக் கூப்பிட்டப்போ, "கடையில கூட்டம் இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிட்டாராம், உள்ள ஒரு ஆளு கூடக் கிடையாதாம் அப்போ. அண்ணன் இதைச் சொல்லும்போது கத்திரிய நிறுத்திட்டுச் சிரிச்சாரு.

லாக்டவுன் போயும் நான் வீட்டுலதான் வெட்டுறேன். முதல்ல பழக்கம், அப்புறம் பெங்களூர்ல ஒரு ஏசி சலூன்ல முடி வெட்டப் போனவனைப் படுக்க வச்சு முகத்துல என்னமோ பூசி, தலைக்குப் பொடுகு இருக்குன்னு பயங்காட்டி ரெண்டாயிரம் ரூபா பில்லு நீட்டினாங்க, அந்த எரிச்சல். ரெண்டாயிரத்துக்கு நல்ல மெஷினே வாங்கலாமே, வாங்கினேன். பிடரி மட்டும் வீட்டுக்காரி வழிச்சு விடுவா. "நேரா இருக்கா?"ன்னு கேட்டா "உங்க தலையே நேரா இல்ல"ம்பா, அதுக்கு மேல என்ன பேச. ஊருக்கு வந்தா அண்ணன் கடையிலதான் வெட்டுவேன், ரெண்டு மாசத்துக்கு ஒருக்க. அவர் என் தலையப் பாத்ததும் கண்டுபிடிச்சுருவாரு. "சுழிக்கு இந்தத் தடவ பரவாயில்ல, காதோரம் அவசரப்பட்டிருக்க." ஒரு தடவை கூட ஏன் நீயா வெட்டுறன்னு கேட்டதில்ல, நான் வெட்டினதைத் திருத்துறதுக்குன்னு தனியா காசும் வாங்கினதில்ல.

போன வருஷம் பாட்டா கட்டில்ல இருந்து எழும்பி வராந்தா வரைக்கும் நடக்கறதே பெரும்பாடு ஆச்சு. முடி வளந்து கெடக்கு. ஆட்டோவுல தூக்கி வச்சுக் கொண்டுபோவோம்னா டாக்டர் வேண்டாம்னுட்டாரு. அண்ணனை வீட்டுக்கு வரச் சொல்லட்டுமான்னு கேட்டேன். அவர் வருவாரு, வயசானவங்களுக்கு வந்து வெட்டுறாரு, போன் பண்ணினாப் போதும். பாட்டா தலைய ஆட்டினாரு. "அவன் அப்பன் பொட்டிய எறக்கி வச்ச ஆளு. அவனை வீட்டுக்கு வான்னு நான் கூப்பிடணுமா?" காலம் மாறிருச்சு பாட்டா, அவருக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது, ரூபா கூடத்தான் கிடைக்கும்னு சொல்லிப் பாத்தேன். "அவனுக்கு இருக்காது. எனக்கு இருக்கு"ன்னுட்டாரு.

ரெண்டு நாள் கழிச்சு அவராவே, "நீ அந்த மெஷினைக் கொண்டுவந்திருக்கியாலே?"

வராந்தாவுல கை வச்ச பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டோம். அது போதாதாம், ஆளுயரக் கண்ணாடிய பீரோவுல இருந்து கழட்டி எதுர்க்க சாத்தச் சொன்னாரு. வெள்ளை வேட்டி ஒண்ணை எடுத்துக் கழுத்துல கட்டச் சொன்னாரு. பேப்பர் கேட்டாரு, கண்ணு தெரியாது, மடியில வச்சுக்கிட்டாரு. எல்லாம் ஆச்சு, நான் மெஷினை ஆன் பண்ணி பிடரிப் பக்கம் கொண்டு போனேன். கைய உயர்த்தி நிறுத்திட்டாரு. கண்ணாடிக்குள்ள இருந்து என்னையே பாக்காரு. எனக்கு ஒரு நிமிஷம் எடுத்துச்சு. மெஷினை நிறுத்தினேன்.

"எப்படி பாட்டா வெட்டணும்?"

உடனே பதில் சொல்லல. கண்ணாடியில இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு தலையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "ஓரத்துல நல்லா ஒதுக்கிரு. பின்னால மெஷின் போடு. மேல ரொம்பக் குறைக்காண்டாம், எனக்கு நீளம் இருந்தாத்தான் கொள்ளாம்."

மேல எண்ணினா இருபது முடி இருக்கும். சரின்னு மூணாம் நம்பரை எடுத்து மாட்டினேன். மாட்டியாச்சான்னு ரெண்டு தடவை தட்டிப் பாத்துக்கிட்டேன்.